‘பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க!’: ஸ்கூடாயின் பயமும் 611ஆவது சட்டமும்

விடியற்காலை நாலரை மணி. ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாய், தாமான் துன் அமினாவின் குறுக்குத் தெருக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்கு எரியத் தொடங்குகிறது. வரிசை வீடொன்றின் கிரில் கதவுக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. ஓட்டி வந்த பெண்ணின் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டப்பட்டிருக்கிறது ஒரு குழந்தை. இரண்டு வயதுகூட இருக்காது. உள்ளேயிருந்து வரும் அக்கா, தூக்கம் கலையாமல் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்கிறார். கூடவே ஒரு பை கைமாறுகிறது. அதில் இரண்டு பால் போத்தல், நாலைந்து பெம்பர்ஸ், மாற்றுத் துணி, பாதி காலியான காய்ச்சல் மருந்து.

“ராத்திரி லேசா ஒடம்பு சுட்டுச்சுக்கா. மத்தியானம் பார்த்துட்டு மருந்து குடுங்க.”

“நீ போம்மா, ஜாம் ஆயிடும்.”

வண்டி இரண்டாவது பாலத்தை நோக்கிப் பறக்கிறது. சிங்கப்பூர் துவாஸில் ஏழு மணிக்கு ஷிப்ட். அந்தத் தாய் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கும்போது இரவு எட்டு மணியாகியிருக்கும். ஸ்கூடாயில் எத்தனையோ வீடுகளில் அன்றாடம் நடப்பது இது. அந்தப் பதினைந்து மணி நேரமும் அக்குழந்தைக்கு யார் பொறுப்பு? காய்ச்சல் ஏறினால், பிள்ளையின் தொடையில் ஒரு தழும்பு தென்பட்டால், பக்கத்து வீட்டில் தினமும் ஓர் அழுகுரல் கேட்டால், யார் யாரிடம் சொல்ல வேண்டும்? இதற்கெல்லாம் கூட்டரசுச் சட்டத்தில் பதில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரிந்த சிலரும் அதைக் கண்டு பயப்படுகிறார்கள்.

ஆயாக் கொட்டகை போன பிறகு

ஸ்கூடாயின் இன்றைய முத்தியாரா ரினி ஒரு காலத்தில் ரினி தோட்டம். அங்கிருந்த தமிழ்ப்பள்ளி இன்றும் லாடாங் ரினி என்ற பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பால் மரம் வெட்டப் போன தாய்மார்கள் விடியற்காலையில் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். தொட்டில் வரிசையும் பால்மாவு வாசமும் அந்தத் தலைமுறைக்கு மறக்காது. அந்தக் கொட்டகைகளின் தரம் பல இடங்களில் மோசம்தான். ஆனால் அவற்றை அமைத்துக் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டமும் தோட்டக் குழந்தைக் காப்பகங்களைப் பற்றிப் பேசியது.

தோட்டம் தாமானாக மாறியது. 1998இல் இரண்டாவது பாலம் திறந்தது. தாய்மார்கள் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஆயாக் கொட்டகை போன இடத்தில் யாரும் எதையும் கட்டித் தரவில்லை. அந்த வேலையைப் பாட்டிகளும் தெருக்கோடி அக்காக்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்று பிள்ளைகளும் நான்காவது பிள்ளையும்

1984ஆம் ஆண்டின் 308ஆவது சட்டம் குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கானது. நாம் ‘தாஸ்கா’ என்று சொல்வது இந்த மையங்களைத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொண்டால் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் வீட்டிலேயே நடத்தலாம். ஆனால் பயிற்சியும் பாதுகாப்பு விதிகளும் உண்டு.

மூன்று பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்பவர்? அவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதேயில்லை. பதிவு இல்லை, பயிற்சி இல்லை, யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. ஸ்கூடாயில் விடியற்காலையில் கிரில் கதவைத் திறக்கும் அக்காக்களில் பலர் இந்த வட்டத்துக்குள்தான் வருகிறார்கள். பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்களில் நிறைய உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு அவசரச் சிகிச்சை தெரியுமா, பால் குடித்த குழந்தையை எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர் யார், அவர்களுக்கே உடம்பு முடியாமல் போனால் பிள்ளை யார் கையில் என்று கேட்க ஓர் ஏற்பாடும் இல்லை என்பதுதான் கவலை.

இன்னொன்றும் உண்டு. 308ஆவது சட்டம் கண்டுகொள்ளாத அதே அக்காவை, 2001ஆம் ஆண்டின் 611ஆவது சட்டமாகிய சிறார் சட்டம் விடுவதில்லை. கூலி வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பிள்ளையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டாலும் அவர் ‘குழந்தைப் பராமரிப்பாளர்’. அந்தப் பிள்ளை அடி வாங்கியிருக்கிறது, பாலியல் ரீதியாகத் துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், 29ஆவது பிரிவின்படி அவர் உடனே சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பயிற்சி தராத அரசாங்கம், பயிற்சி பெற்றவரிடம் எதிர்பார்க்கும் கடமையை மட்டும் சுமத்தியிருக்கிறது. இது நியாயமில்லை. மூன்று பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்பவர்களுக்கும் எளிய பதிவும் இலவசப் பயிற்சியும் வர வேண்டும்.

■ யார் சொல்லியே ஆக வேண்டும்?

மருத்துவர்: சிறார் சட்டம், பிரிவு 27.
குடும்ப உறுப்பினர்: பிரிவு 28.
கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர்: பிரிவு 29.
பாலியல் குற்றமென்றால் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டும்: சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, பிரிவு 19. மறைத்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம்.
துன்புறுத்தியவருக்கு, கவனிக்காமல் கைவிட்டவருக்கு: சிறார் சட்டம், பிரிவு 31. 2016 திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.
அழைக்க வேண்டிய எண்: தாலியான் காசே 15999.

இந்தப் பட்டியலில் ஆசிரியர் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. ஒரு பிள்ளையின் முகம் வாடியிருப்பதைப் பெற்றோருக்கு அடுத்தபடியாகக் கண்டுபிடிப்பவர் வகுப்பாசிரியர்தான். பாலியல் குற்றமல்லாத அடி உதை விஷயத்தில், அவர் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சிறார் சட்டம் வெளிப்படையாக விதிக்கவில்லை. இது பெரிய ஓட்டை. மனச்சாட்சியுள்ள ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, பெற்றோரின் கோபத்தையும் அவர்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு குழந்தையின் சாவில் பிறந்த சட்டம்

சுதந்திரத்துக்கு முன் 1947இல் வந்தது சிறார் நீதிமன்றச் சட்டம். 1973இல் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டம். 1990இல் தலைநகரில் இரண்டு வயதைத் தாண்டிய, நம் சமூகத்து ஆண் குழந்தை ஒன்று கொடுமைக்கு ஆளாகி இறந்தது. நாடே கொதித்தது. மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1995இல் மலேசியா ஐ.நா.வின் சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. மூன்று பழைய சட்டங்களையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட 611ஆவது சட்டம் 2002 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது.

சமூகநலம், பெண்கள், சிறார் பாதுகாப்பு ஆகியவை கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. புத்ராஜெயா சட்டம் எழுதுகிறது, ஜொகூரில் அதை மாவட்டச் சமூகநல அலுவலகம் நடத்துகிறது. நடத்துபவர் கையில் எத்தனை அதிகாரிகள், எத்தனை கோப்புகள் என்பதில்தான் சட்டத்தின் பலம் இருக்கிறது.

போன் போட்டால் என்ன நடக்கும்?

“சமூகநலத்துக்குப் போன் போட்டா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.” தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இந்த ஒரு பயத்தால் பாட்டி பேசாமல் இருக்கிறார், சித்தி கதவைச் சாத்திக்கொள்கிறார், எதிர்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். சட்டம் சொல்வதோ வேறு.

தகவல் கிடைத்ததும் ‘பாதுகாவலர்’ எனப்படும் சமூகநல அதிகாரி வந்து பார்ப்பார். பிள்ளைக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று நம்பக் காரணம் இருந்தால் அவரோ போலீசோ தற்காலிகமாகப் பிள்ளையைப் பொறுப்பில் எடுக்கலாம். அப்படி எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். காயம் இருந்தால் அதற்கு முன் மருத்துவமனை. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் இத்தகைய வழக்குகளைக் கவனிக்க ஒரே இட நெருக்கடி மையம் இருக்கிறது. தாயோ பிள்ளையோ மருத்துவரிடமும் போலீசிடமும் சமூகநல அதிகாரியிடமும் இடம் இடமாக அலையாமல், ஒரே இடத்தில் சொல்லி முடிப்பதற்கான ஏற்பாடு அது.

நீதிமன்றம் உடனே பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. முதலில் அறிக்கை கேட்கும். அதில் வீட்டின் நிலை, பெற்றோரின் வேலை, பிள்ளையின் பள்ளிப் பதிவு, உடல்நலம் என எல்லாம் இருக்க வேண்டும். அதைப் படித்த பிறகு 30ஆவது பிரிவு மாஜிஸ்திரேட்டுக்குப் பல வழிகளைத் தருகிறது. பெற்றோரிடம் ‘ஒழுங்காகக் கவனித்துக்கொள்கிறோம்’ என்று பிணை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை அவர்களிடமே ஒப்படைக்கலாம். அதிகாரியின் கண்காணிப்பில் வைக்கலாம். பெற்றோரைப் பயிற்சிப் பட்டறைக்குப் போகச் சொல்லலாம். பாட்டி, மாமா போலத் தகுதியும் நம்பிக்கையும் உள்ள ஒருவரிடம் விடலாம். பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட பிள்ளையை வளர்ப்புப் பெற்றோரிடம் இரண்டு ஆண்டு விடலாம். இவையெல்லாம் போதாத போதுதான் ‘பாதுகாப்பு இடம்’ எனப்படும் இல்லம். அதுவும் மூன்று ஆண்டு, அல்லது 18 வயது, எது முன்னதாக வருகிறதோ அதுவரை.

ஆகவே பயத்தைக் கிளப்ப வேண்டியது 30ஆவது பிரிவு அல்ல. நம்மைக் கவலைப்படுத்த வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை. அறிக்கை எழுதும் அதிகாரி அந்த வீட்டை எத்தனை முறை பார்த்தார்? பிணை எழுதிக் கொடுத்த தகப்பன் குடியை விட்டாரா என்று ஆறு மாதம் கழித்து யார் வந்து பார்த்தார்கள்? வேலையில்லாத தாய்க்கு என்ன உதவி கிடைத்தது? சமூகநல இலாகாவின் சிறார் உதவித் திட்டத்தில் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு என்பதே தகுதியுள்ள பல குடும்பங்களுக்குத் தெரியாது. அடிக்கிற வீடு வேறு, முடியாத வீடு வேறு. முடியாத வீட்டுக்குத் தேவை அரிசியும் வேலையும் ஆலோசனையும்தான். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த, படித்த சமூகப் பணியாளர்கள் வேண்டும். சமூகப் பணியைச் சட்டப்படி ஒரு தொழிலாக அங்கீகரிக்கும் மசோதா பற்றி நாட்டில் 2010லிருந்தே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சும்மா கொடுத்த பிள்ளை

நம் சமூகத்துக்கே உரிய ஒரு பழக்கத்தை இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளையை, வறுமையில் ஐந்தாவதாகப் பிறந்த பிள்ளையை, பிள்ளையில்லாத உறவுக்காரருக்கோ தெரிந்தவருக்கோ தூக்கிக் கொடுத்துவிடுவது. கொடுத்தவர் மனத்திலும் வாங்கியவர் மனத்திலும் பாசம்தான் இருக்கும். பத்திரம் இருக்காது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், தாங்களே பெற்றதாகச் சொல்லிப் பிறப்புப் பத்திரம் எடுத்துவிடுகிறார்கள். அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம்.

சிறார் சட்டத்தின் 35ஆவது பிரிவைப் படித்தவர்கள் நம்மிடையே அபூர்வம். ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்பவரும், கொடுத்தவரும் ஒரு வாரத்துக்குள் பாதுகாவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. தத்தெடுக்க இரண்டு வழிகள் உண்டு. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் மூலமாகச் செய்யலாம். இது முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அல்லது அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டு தொடர்ந்து வளர்த்த பிறகு பதிவு இலாகாவில் பதியலாம்.

செய்யாவிட்டால் என்ன? பிறந்த முதல் ஆண்டில் தெரியாது. ஏழு வயதில் பள்ளிக்கூடம் போகும்போது கேள்வி வரும். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்குப் போனால் ‘குடிமகன் அல்லாதவர்’ என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு பதில் வரும். தத்தெடுப்பு உத்தரவு கையில் இருந்தாலும் குடியுரிமை தானாக வந்துவிடாது. பெற்ற தாய் யாரென்று தெரிய வேண்டும், அவரிடம் அடையாள அட்டை இருக்க வேண்டும். பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனவரைப் பதினைந்து ஆண்டு கழித்து எங்கே போய்த் தேடுவது?

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்களும் இதே கதைதான். 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். பதியாத உறவில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. தாய் இந்தோனேசியராகவோ இந்தியக் குடிமகளாகவோ இருந்தால், தகப்பன் பரம்பரை மலேசியராக இருந்தும் பிள்ளை வெளிநாட்டவன். 2021இல் கூட்டரசு நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் நான்குக்கு மூன்று என்ற நீதிபதிகள் கணக்கில் இதையே உறுதி செய்தது. மிச்சமிருக்கும் வழி அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் உள்துறை அமைச்சுக்கு மனுப் போடுவது. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற திருத்தம் அதற்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கிறது. அதாவது, தூங்கிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு மூன்று ஆண்டு குறைகிறது.

குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது தீபகற்ப மலேசியாவில் உள்ள விதி. செலவில்லாத வேலை. அதைச் செய்யாததன் விலையைப் பிள்ளை ஆயுள் முழுக்கக் கட்டுகிறது. இத்தகைய குடும்பங்களுக்கு டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக உதவி வருகின்றன.

அரிசி மூட்டையோடு போகிறவர்கள் கேட்க வேண்டியது

பிறந்தநாள், திதி, தீபாவளி என்றால் நம் மக்கள் ஆதரவு இல்லங்களுக்கு அரிசி மூட்டையும் பிரியாணிப் பொட்டலமுமாகப் போகிறார்கள். நல்ல மனம். ஆனால் வாசலில் நின்று, ‘இந்த இல்லம் பதிவு பெற்றதா?’ என்று கேட்பவர் குறைவு. 1993ஆம் ஆண்டின் 506ஆவது சட்டப்படி, நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ தங்க வைத்துப் பராமரிக்கும் மையம் சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவு என்றால் தீயணைப்பு, சுகாதாரம், ஊராட்சி மன்றம் எல்லாம் வந்து பார்ப்பார்கள். ஸ்கூடாயில் அது இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம்.

2024 செப்டம்பர் 11 அன்று சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் போலீஸ் சோதனை நடத்திய 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். கைதானவர்கள் 171 பேர். ஜிஐஎஸ்பி என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய இல்லங்கள் அவை. ஒரு வயதிலிருந்து பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். வெளியே பார்த்தவர்களுக்குச் சீருடையும் ஒழுக்கமும்தான் தெரிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ள 13 வயதுச் சிறுமியைக் கொடுமைப்படுத்திய வழக்கில், கோலாலம்பூரில் ஓர் இல்லத்தை நடத்திய பெண்ணுக்கு செஷன்ஸ் நீதிமன்றம் 12 ஆண்டு சிறை விதித்தது. அவரைச் சமூக ஊடகத்தில் ஆயிரக்கணக்கானோர் புகழ்ந்து கொண்டிருந்த காலமும் உண்டு.

இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஏழ்மையும் மணமுறிவும் நோயும்தான் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தன. ஓர் இல்லத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தாயோடு இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தால், அந்தப் பிள்ளை இல்லத்துக்கே போக வேண்டியிருக்காது. நன்கொடையாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, கையில் பரிசைக் கொடுத்து, முகம் தெரியப் படமெடுத்து பேஸ்புக்கில் போடாதீர்கள். நீதிமன்றம் அங்கே அனுப்பிய பிள்ளையின் முகம், பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதைச் சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடை செய்கிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

■ வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்கா: 1974இல் வந்த கூட்டரசுச் சட்டம், கொடுமையைப் புகார் செய்யும் விதியை வைத்திருக்கும் மாநிலங்களுக்குப் பணம் கொடுத்தது. 1997இல் வந்த சட்டம், கடைசி 22 மாதத்தில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த பிள்ளைக்கு நிரந்தர வீடு தேடச் சொல்லி, சில விலக்குகளோடு பெற்றோர் உரிமையை முடிக்கும் வழக்குக்கு மாநிலங்களை நெருக்கியது. 2018இல் பார்வை மாறியது. பிள்ளையைப் பிரிக்கும் முன்பே குடும்பத்துக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தர வளர்ப்புப் பராமரிப்புக்கான கூட்டரசுப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்றது புதிய சட்டம்.

இந்தியா: 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் மாவட்டம்தோறும் குழந்தைகள் நலக் குழு. அவசர எண் 1098.

கோயிலும் டியூஷனும்

சட்டங்களோடு 2009இல் தேசியச் சிறார் கொள்கையும் தேசியச் சிறார் பாதுகாப்புக் கொள்கையும் வெளியாயின. பிள்ளைகளோடு வேலை செய்யும் எந்த அமைப்பும் தனக்கென ஒரு பாதுகாப்பு விதிமுறை வைத்திருக்க வேண்டும் என்பது பின்னதன் எதிர்பார்ப்பு. தேவார வகுப்பு நடத்தும் கோயில், சிலம்பம் கற்றுத் தரும் கழகம், மாடி அறையில் நடக்கும் டியூஷன், பரதநாட்டிய வகுப்பு எல்லாமே அதில் அடங்கும். கொள்கைக்குச் சட்டத்தின் பலம் இல்லை என்பதால் பெரும்பாலும் அது அலமாரியிலேயே இருக்கிறது. கோயில் நிர்வாகக் குழு நினைத்தால் ஒரே கூட்டத்தில் இதை நிறைவேற்றலாம். பிள்ளையோடு தனியறையில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக்கூடாது, புகார் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், புகார் கொடுத்த பிள்ளையை யார் கூட இருந்து கவனிப்பார்கள். இந்த மூன்றையும் எழுதி ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

நாடாளுமன்றத்தில் செய்ய வேண்டியவை வேறு. ஆசிரியரையும் புகார் செய்யக் கடமைப்பட்டவர் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்று பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளும் வீடுகளைத் தண்டனையில்லாமல், பயிற்சியோடு பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். சமூகப் பணியாளர் சட்டத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கூடாய், இஸ்கண்டார் புத்ரி வட்டாரத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

நாளைக் காலை பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய்க்கும், வாங்கிக்கொள்கிற அக்காவுக்கும், எதிர்வீட்டில் இருக்கிற உங்களுக்கும் ஒன்று. தாலியான் காசே 15999 எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். 019-2615999இல் வாட்சாப்பும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவரைச் சட்டம் காக்கிறது. சந்தேகம் தவறாகப் போனாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள்.